பழைய கடன்: எதை முதலில் கட்டுவது, எது காலம் கடந்தது?

காவிரி டெல்டாவில் மாதாமாதம் பணம் வருவதில்லை. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு தொகை, சம்பாவும் தாளடியும் அறுத்தால் தை, மாசியில் ஒரு தொகை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறி, நெல்லுப் பணம் கணக்கில் விழுந்த குறுஞ்செய்தியை நாம் படிப்பதற்குள் ஊருக்குச் சேதி போய்விடும். உரக்கடைக்காரர், புரோநோட்டுக்காரர், குழுக்கடன் வசூலுக்கு வருகிற பையன், பேங்கிலிருந்து போன் என எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள்.

அப்போது நாம் வழக்கமாகச் செய்வது, வாசலில் நின்று யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பது. மானம் போகிறதே என்ற பயம். ஆனால் சத்தம் போடுகிறவர் கையில் பெரும்பாலும் சட்டப்படி வலுவான பிடி இருக்காது. பிடி உள்ளவர் பதிவுத் தபால் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார். அதனால் கடன்களை வரிசைப்படுத்தும்போது பார்க்க வேண்டியவை இரண்டுதான். கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகாமலே நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும்? அவருடைய காகிதத்தில் என்ன தேதி இருக்கிறது?

முதலில் காகிதங்களை வெளியே எடுங்கள்

பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் உள்ள அடகுச் சீட்டு, பாஸ்புக், வக்கீல் நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புங்கள். ஒரு நோட்டில் கடனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம், எவ்வளவு, வாங்கிய தேதி, கெடு வைத்திருந்தால் கெடுத் தேதி, ஈடாகக் கொடுத்தது என்ன, ஜாமீன் போட்டது யார், கடைசியாகப் பணம் கொடுத்த தேதி, கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தேதி. கடைசி இரண்டையும் பலர் எழுத மாட்டார்கள். மொத்தக் கணக்கும் அந்த இரண்டில்தான் நிற்கும்.

புரோநோட்டு கடன் கொடுத்தவரிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. போய்க் கேட்டு, இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் தேதி, தொகை, வட்டி, ரெவின்யூ ஸ்டாம்பு மேல் நம் கையெழுத்து. பின்பக்கம்தான் முக்கியம். 'நாளது தேதியில் வட்டி வகையில் ரூ. 2,000 வரவு' என்று ஒரு வரி எழுதி, கீழே நம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வட்டி கொடுத்த ஞாபகம் நமக்கு இருக்கும், கையெழுத்துப் போட்ட ஞாபகம் இருக்காது. அந்த ஒரு வரி கடனுக்கு இன்னும் மூன்று வருட ஆயுள் கொடுக்கும்.

இப்போது வரிசை

எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது கோர்ட்டில் நடக்கிற விஷயம். சம்மன் வந்திருந்தால், டிகிரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட்டுத் தீர்ப்பாணை) ஆகியிருந்தால், அதை வசூலிக்க நிறைவேற்று மனு போட்டிருந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் அதுதான் முதலில். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது நகை. அடகு வைத்த நகையை ஏலம் விட வங்கிக்கும் சரி, நிதி நிறுவனத்துக்கும் சரி, கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏலம் போடலாம். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் நகை தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பணம் கேட்டு வழக்குப் போடும் உரிமை போனாலும், கையில் உள்ள அடகுப் பொருள்மேல் அவர்களுக்குள்ள பிடி போகாது. மொத்தமாக மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மாற்றி வைப்பதற்காவது நெல்லுப் பணத்தில் ஒதுக்குங்கள். தவணையில் எடுத்த டிராக்டர், பைக் எல்லாம் இதே வகைதான்.

வீட்டு மனையை எழுதிக் கொடுத்து வாங்கிய வங்கிக் கடன் மூன்றாவது. 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அதே சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. நஞ்சையை அடமானம் வைத்திருந்தால் வங்கி வழக்குப் போட்டுத்தான் வர வேண்டும். இது தெரியாமல், 'நிலத்தை நாளைக்கே ஏலம் விட்டுவிடுவோம்' என்ற ஒரு போன் பேச்சுக்குப் பயந்து கந்துவட்டிக்கு வாங்கி வங்கிக்குக் கட்டுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசமான மாற்று இருக்க முடியாது.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை நான் இதற்குச் சமமாகவே வைப்பேன். சட்டத்துக்குப் பயந்து அல்ல. கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி கிடையாது, அடுத்த சாகுபடிக்குக் கடனும் உரமும் அங்கேதான். கெடு தாண்டினால் இரண்டும் போச்சு. தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் இங்கே பழக்கம்தான். 2016-லும் 2021-லும் வந்தது உண்மை. ஆனால் அரசாணையில் சொன்ன தேதிக்கும் வரம்புக்கும் உட்பட்ட கடனுக்கு மட்டும்தான் வந்தது. வராத தள்ளுபடியை வரவில் எழுதி வைக்காதீர்கள். சங்கத்துக் கடனை வசூலிக்கக் கூட்டுறவுச் சட்டத்தில் தனி நடைமுறையும் உண்டு. கீழே வரும் மூன்று வருடக் கணக்கை அதற்கு அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம்.

குழுக்கடன் வேறு மாதிரி. ஈடு ஒன்றும் இருக்காது, ஆனால் நாம் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா கட்ட வேண்டும். அந்த நெருக்கடியை வைத்துத்தான் வசூலே ஓடுகிறது. முடிந்தவரை தவணை தவறாமல் பாருங்கள். முடியாவிட்டால் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஈடு இல்லாத புரோநோட்டு, கைமாத்து, உரக்கடைப் பாக்கி, தவணை தவறிய வங்கித் தனிநபர் கடன் ஆகியவை கடைசி. இவற்றுக்குத்தான் தேதி பார்க்க வேண்டும்.

மூன்று வருடக் கணக்கு

1963-ம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. கேட்கும்போது தருவதாக எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்கு, நோட்டில் போட்ட தேதியிலிருந்து 3 வருடம். கேட்ட தேதியிலிருந்து அல்ல. ஊரில் பலர், கடன் கொடுத்தவர்கள்கூட, இதைத் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். கைமாத்துக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம். கெடு சொல்லி வாங்கியிருந்தால் கெடுத் தேதியிலிருந்து 3 வருடம். உரக்கடையில் கெடு ஏதும் பேசாமல் கடனுக்கு வாங்கிய சரக்குக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்.

சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சொத்தை விற்றுப் பணம் எடுக்க 12 வருடம். கோர்ட்டில் டிகிரி ஆகிவிட்டால் அதை நிறைவேற்றவும் 12 வருடம். அரசாங்கமே வழக்காடினால் 30 வருடம். பொதுத்துறை வங்கி அரசாங்கத்தோடதுதானே என்று கேட்கலாம். இந்தக் கணக்குக்கு இல்லை. ஈடில்லாத கடனுக்கு அதற்கும் 3 வருடம்தான்.

கொரோனா காலத்துக்கு ஒரு விதிவிலக்கு. 15.03.2020 முதல் 28.02.2022 வரையான நாட்களைக் காலவரம்பில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. 10.06.2018 தேதியிட்ட நோட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். சாதாரணமாக 10.06.2021-ல் முடிந்திருக்கும். ஆனால் 2020 மார்ச் வரை ஒன்றே முக்கால் வருடம்தான் ஓடியது. மிச்சம் ஒன்றேகால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு, 2022 மார்ச் முதல் தேதியிலிருந்து மறுபடி ஓடி 2023 மே கடைசியில் முடிகிறது. அதோடும் விடவில்லை. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாள் விடுமுறைக்குள் விழுந்தால், கோர்ட்டு திறக்கிற நாளில் வழக்குப் போடலாம். 'ஜூன்ல போட்டிருக்கான், செல்லாது' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

வக்கீல் நோட்டீஸ் வந்ததால் காலம் நீளாது. போலீஸில் மனு கொடுத்ததாலும், பஞ்சாயத்து பேசியதாலும் நீளாது. கெடுவுக்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடிகாரத்தைத் திரும்ப ஓட வைப்பது எது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூன்று வருடம் முடிவதற்கு முன், கடன் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். இது சட்டத்தின் 18-வது பிரிவு. தருகிறேன் என்று எழுத வேண்டும் என்றுகூட இல்லை. 'கடன் இருப்பது உண்மை, இப்போது தர முடியாது' என்று எழுதினாலே போதும். அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்து, கொடுத்ததற்கு நம் கையால் எழுதினாலும் கையெழுத்திட்டாலும் 19-வது பிரிவுப்படி அதே விளைவு. நோட்டின் பின்பக்கம் வரவு எழுத வைப்பது இதற்குத்தான். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, இதுவரை எட்டிப் பார்க்காதவர் திடீரென்று காப்பி குடிக்க வந்து, 'இருக்கிறத குடு தம்பி, ஐநூறு ரூபாய்கூடப் போதும், சும்மா வரவு வெச்சுக்குறேன்' என்பார். அவர் கேட்பது ஐநூறு அல்ல, மூன்று வருடம்.

வங்கிகளும் இதையே செய்யும். மூன்று வருடம் நெருங்கும்போது கள அலுவலர் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவார். 'ரினிவல் சார், ஒரு கையெழுத்து' என்பார். பெரும்பாலும் அது கடன் ஒப்புதல் கடிதம். தவறான செயல் அல்ல, அவர் வேலையே அது. ஆனால் என்ன காகிதம் என்று படித்துவிட்டுப் போடுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். ஒரே தவணையில் குறைத்துக் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் சமரச மனுவும் ஒப்புதல்தான். கட்ட உறுதியாகப் பணம் வைத்துக்கொண்டு அந்த மனுவைக் கொடுங்கள். சும்மா எழுதிப் போட்டுப் பார்ப்போம் என்று கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் 'அறுவடை முடிஞ்சதும் தர்றேன்ணே' என்று அனுப்புவதையும் ஆதாரமாகக் கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

மூன்று வருடம் முடிந்த பிறகு கதை வேறு. அப்போது வெறும் ஒப்புதலோ, ஆயிரம் ரூபாய் கொடுத்து எழுதிய வரவோ செத்த நோட்டுக்கு உயிர் கொடுக்காது. ஆனால் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 25-வது பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. காலம் கடந்த கடனைத் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால் அது செல்லும். 'பழைய நோட்டைக் கிழிச்சுப் போட்டுடுறேன், புதுசா ஒண்ணு எழுதிக் குடு' என்பது இந்த வாசல்தான். பழைய அசலோடு வட்டியையும் சேர்த்துப் புது அசலாக எழுதுவார்கள். பழைய கடனுக்காகத் தேதி போட்ட செக் கொடுப்பதும் ஆபத்து. அதையும் எழுதிக் கொடுத்த வாக்காகக் காட்ட இடம் கிடைக்கும், செக் திரும்பினால் கிரிமினல் வழக்குக்கும் போகும்.

வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், தேதியும் தொகையும் பிற்பாடு நிரப்பப்படலாம். இதற்கு ஒரே மருந்து, இனிமேல் போடாமல் இருப்பது.

காலம் கடந்துவிட்டது, அப்புறம்?

கடன் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி மட்டும்தான் அடைபடுகிறது. கொடுத்தவர் மரியாதையாகக் கேட்கலாம், நாம் விருப்பப்பட்டுக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு 'காலம் கடந்த கடனுக்குக் கொடுத்துவிட்டேன், திருப்பிக் கொடு' என்று கேட்க முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கு நம்பிக் கொடுத்த சித்தப்பாவிடம் சட்டப் பிரிவைக் காட்டுவது என் வழியல்ல. நீங்கள் செய்தால் தடுக்கவும் மாட்டேன். கொடுக்க முடிவு செய்தால் கொடுத்து முடித்துவிடுங்கள், நோட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் முழுக் கடனும் தீர்ந்ததாக எழுதி வாங்குங்கள்.

ஒரு சிக்கல், வங்கிக் கணக்கு. வழக்குக் காலம் முடிந்தாலும், பழைய பாக்கி உள்ள அதே வங்கியில் நெல்லுப் பணம் விழுந்தால் பிடித்துக்கொள்ள முயல்வார்கள், அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்யும்போது பாக்கியில்லாத வேறு வங்கிக் கணக்கைக் கொடுப்பது நல்லது.

ஒத்தி வைத்த நிலத்துக்குக் கணக்கு நமக்குச் சாதகம். பணம் கொடுத்தவர் நிலத்தை அனுபவித்து வருகிற அடமானத்தில், இத்தனை வருடம் ஆகிவிட்டதாலேயே மீட்கும் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தெளிவுபடுத்தியது. பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்திக்குப் பாடு அதிகம்.

சம்மன் வந்தால்

காலம் கடந்த வழக்கைப் பிரதிவாதி கேட்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரம்புச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. இதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலத்தை இழந்திருக்கிறார்கள். கோர்ட்டு வாதி கொடுத்த காகிதத்தைத்தான் பார்க்கும். அதன் பின்பக்கத்தில் நாம் போடாத கையெழுத்தோடு ஒரு வரவு இருந்தால், அதைப் பொய் என்று சொல்ல நாம் அங்கே இருக்க வேண்டும். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது நாம் இல்லாமலே ஒருதலையாக ஆகிற டிகிரி. மூன்று வருடக் கடன் அன்றைக்கே பன்னிரண்டு வருடக் கடனாகிவிடும்.

சாதாரண வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். புரோநோட்டுக்குச் சுருக்க முறையில் வழக்குப் போட்டிருந்தால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். கையில் வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்புவது ஒரு தந்திரமே அல்ல, வாங்கியதாகவே கணக்கு. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டிருந்தால் 30 நாளுக்குள் ரத்து கேட்டு மனு போடலாம். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

டிகிரி ஆனாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு, ஏர்க் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல், சமையல் பாத்திரம், தாலி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டையே அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் இந்த விலக்கு உதவாது. நிலத்துக்கும் விலக்கு கிடையாது. பணக் கடன் டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று 56-வது பிரிவு சொல்கிறது.

அப்பா வாங்கிய கடன்

கருமாதி வீட்டில் பங்காளிகள் உட்கார்ந்திருக்கும்போதே நோட்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒன்றிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் நம் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. மகன் என்பதற்காகவே அப்பா கடனுக்குப் பொறுப்பு என்ற பழைய இந்துச் சட்ட விதி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குப் பொருந்தாது. ஆனால் சபையில் வெட்கப்பட்டு நம் பேரில் புது நோட்டு எழுதிக் கொடுத்தால், அது நம் கடன்.

மிரட்டினால்

வங்கி வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. குழுக்கடன் போன்ற நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் முதலில் அந்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448 எண்ணில் பேசலாம். தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்த தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பணக் கடனைக் கட்டச் சொல்லி ஸ்டேஷனில் உட்கார வைக்கப் போலீஸுக்கு அதிகாரம் இல்லை. அது சிவில் விவகாரம்.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மொய் நோட்டும் ஒரு கடன் கணக்குதான். அதற்குக் காலவரம்புச் சட்டத்தில் நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. அங்கே காலவரம்பை ஊர்தான் வைத்திருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கோர்ட்டு வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா மட்டத்திலும் சட்டப் பணிகள் குழுக்கள் உண்டு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோரோடு, வெள்ளத்திலும் வறட்சியிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. இந்தக் கடைசி வகையை நம் பகுதியில் யாரும் கேட்டுப் பெறுவதாகத் தெரியவில்லை. எண் 15100. போகும்போது கடன் கணக்கு எழுதிய நோட்டையும், புரோநோட்டின் இரண்டு பக்கப் படத்தையும், சம்மன் வந்த கவரையும் எடுத்துப் போங்கள். கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.